கூம்பும் பறவையும்: பெருமாள் திருமொழி உவமை ஒன்றின் ஆராய்ச்சி

பெருமாள் திருமொழியில் விற்றுவக்கோட்டம்மானைப் பற்றிய ஐந்தாம் பதிகம் குலசேகரப்பெருமாளின் அநந்யகதித்வத்தை வெளியிடுவது. தாயை விடாத குழவி, கணவனை விடாத குலமகள், மன்னனை விடாத குடி, மருத்துவனை விடாத நோயாளன் என நான்கு உவமைகள் முதலில் வருகின்றன. ஐந்தாம் பாசுரத்தில் நிலம் மறைந்து கடல் தோன்றுகிறது. எத்திசையும் பறந்து கரை காணாமல், மீண்டு வந்து மரக்கலத்தின் கூம்பில் ஏறும் பெரும்பறவையாக ஆழ்வார் தம்மைக் கூறிக்கொள்கிறார்.

இவ்வுவமையை விரித்துரைப்போர் இக்காலத்தில் பெரும்பாலும் பறவையையே பற்றி நிற்கின்றனர். அது இரை பொறுக்க வந்தது, கலம் நகர்ந்ததை அறியாதிருந்தது என்று கதை வளர்ந்து, இறுதியில் மீண்டு வந்த பறவையின் பக்தி புகழப்படுகிறது. கூம்புக்குப் 'பாய்மரம்' என்று ஒரு சொல்லில் பொருள் கூறி அப்பால் செல்கின்றனர். உவமையின் உயிர்நிலை அந்தக் கூம்பிலேயே உள்ளது.

கூம்பு என்பது அடி பருத்து நுனி குவிந்த மரம். அதன் அடி கலத்தின் உள்ளே ஊன்றப்பட்டிருக்கும். முன்னும் பின்னும் இரு மருங்கிலும் இழுத்துக் கட்டிய கயிறுகள் அதைச் சாயாமல் நிறுத்தும். குறுக்குக் கட்டையில் தொங்கும் பாயைக் காற்று தள்ள, அவ்விசை கூம்பின் வழியே கலத்தைச் சேர்ந்து அதனைச் செலுத்தும். சாதவாகனர் காசுகளில் இரண்டு கூம்புடைய கலங்களும், அஜந்தாவின் 2ஆம் குகை ஓவியத்தில் மூன்று கூம்பும் நெடிய பாய்களும் உடைய கலமும் காணப்படுகின்றன. புறநானூற்று 30ஆம் பாட்டு, கூம்பில் விரித்த மேற்பாயைக் களையாமலும் பாரத்தைக் குறைக்காமலும் ஆற்றுமுகத்துள் புகுந்த பெருங்கலத்தைச் சிறப்பாக எடுத்துக் கூறுகிறது. பாயை இறக்கிச் சுமையைக் குறைத்துத் துறை புகுவதே பொதுவழக்கு என்பது இதனால் பெறப்படும். கரை காணாத நடுக்கடலிலோ கூம்பு பாய் விரித்துத் தொழிற்பட்டு நிற்கும். பறவை மீண்டு ஏறுவது அத்தகைய கூம்பில்.

கடலோடிகள் கரையறியப் பறவையை விடுத்த வழக்கம் பௌத்தரின் தீக நிகாயத்துக் கேவத்த சுத்தத்திலும் உவமையாக வருகிறது. அப்பறவை கரையைக் கண்டால் திரும்பாது; காணாவிடின் கலத்துக்கே மீளும். இதைக் கொண்டு, ஆழ்வாரும் கரை கிடைத்தால் அகல்வாரோ என்று ஐயுறுதல் பொருந்தாது. உவமையில் ஏகதேசமே கொள்ளத்தக்கது. வேறு புகலிடம் இன்மை ஒன்றே இங்குக் கருதிய பொருள்.

இதனினும் நெருங்கியது சாந்தோக்யத்தின் ஆறாம் ப்ரபாடகத்தில் உத்தாலகர் ச்வேதகேதுவுக்குக் கூறும் த்ருஷ்டாந்தம். கயிற்றில் கட்டுண்ட பறவை திசைதோறும் பறந்து, வேறு இடம் பெறாமல், கட்டிய இடத்தையே அடைகிறது; அவ்வாறே மனம் ப்ராணனை அடைகிறது. ஆழ்வாரின் பறவைக்குக் கயிறு இல்லை. கூம்பில் கயிறுகள் பல இருந்தும் அவற்றுள் ஒன்றும் அதன் காலைப் பிணிக்கவில்லை. விரும்பிய திசையெல்லாம் பறக்கும் ஸ்வாதந்த்ர்யம் அதற்கு இருந்தது. அந்த ஸ்வாதந்த்ர்யத்தால் அது பெற்றது களைப்பு ஒன்றே.

முன் நான்கு உவமைகளோடு ஒப்பிட்டால் இதன் வேறுபாடு விளங்கும். தாய் சினந்து தள்ளுகிறாள்; கணவன் இகழத்தக்கன செய்கிறான்; மன்னன் துயர் விளைக்கிறான்; மருத்துவன் அறுத்துச் சுடுகிறான். துன்புறுத்தினும் விடாமை அங்கெல்லாம் பொருள். கூம்பு ஒன்றும் செய்வதில்லை. பறவையைத் துரத்துவதும் இல்லை, அழைப்பதும் இல்லை. பறவை பறந்துபோனபோதும் திரும்பிவந்தபோதும் அது ஒருபடியாக நின்றது. அக்கூம்பைப் பறவை நாட்டவில்லை. ஸித்தோபாயத்தின் தன்மை இதுவே. முன்னமே ஸித்தமாக நிற்கும் ரக்ஷகனே உபாயம். பறவையின் ஏற்றம் உபாயமாகாது. பறவையின் பக்தியைப் புகழும் விரிவுரை, அது சோர்ந்து செய்த செயலைச் சாதனமாக்கி, ஆழ்வார் உதறிய ஆகிஞ்சந்யத்துக்கு மாறான ஒன்றை அவர் தலையிலேயே ஏற்றிவிடுகிறது.

மற்றொன்றும் காணத்தக்கது. கலத்தில் மிக உயர்ந்த இடம் கூம்பின் நுனி. உபமேயத்தில் அதற்கு ஈடாக நிற்பது எம்பெருமானின் இணைத்திருவடி. அவன் திருமேனியில் தாழ்ந்த இடம், அடைந்தார்க்கு எல்லாவற்றினும் உயர்ந்த இடமாகிறது.

பறவை தேடியது கரை. கிடைத்தது கூம்பு. ஆயினும் அக்கூம்பு பாயைத் தாங்கிக் கலத்தைக் கரைக்கே கொண்டுசெல்கிறது. ஸ்தோத்ர ரத்நத்தில் ஆளவந்தார், ஸம்ஸாரக் கடலில் நெடுங்காலம் மூழ்கியவனுக்குக் கரைபோல் கிடைத்தவன் என்று எம்பெருமானைப் பேசுகிறார். முகுந்தமாலை அவனையே மரக்கலம் என்கிறது. ப்ராப்யமான கரையும் ப்ராபகமான கலமும் ஒருவனே என்பது ஸித்தாந்தம். கூம்பில் அமர்ந்த பறவை இதை அறியாது. அறியாவிடினும் கலம் அதனையும் சுமந்தே செல்கிறது.