‘பை த டைம்’ எனும் ஆங்கிலக் காலத்தொடரும் தமிழில் அதன் ஆட்சியும்: ஒரு நோக்கு

முன்னுரை

இருமொழிச் சூழலில் வளரும் மாணவர்தம் எழுத்தில் காணப்படும் பிழைகளை இருவகைப்படுத்தலாம். சந்திப்பிழை, திணை பால் எண் மயக்கம் முதலியன வெளிப்படையானவை. திருத்துவோர் கண்ணில் உடனே படுபவை. மற்றொரு வகையில் வாக்கியம் இலக்கணம் வழுவாது நிற்கும். பொருள் மட்டும் வழுவிவிடும். இவ்விரண்டாம் வகைக்கு, ஆங்கிலத்தில் பெருவழக்காக உள்ள ‘பை த டைம்’ எனும் காலத்தொடர் தமிழில் பெயர்க்கப்படும் முறை தக்கதொரு சான்றாகும்.

சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டு முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் வீட்டில் ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசுவோர் 48.3 விழுக்காட்டினர், தமிழை அவ்வாறு பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற மாணவர், மலாய்மொழி பயிற்றுமொழியாக உள்ள இடைநிலைப் பள்ளிக்குச் செல்கின்றனர். இந்நிலையில் தமிழ் வாக்கியம் பிறமொழி அச்சில் வார்க்கப்படுவது வியப்பன்று. எனினும் அதனால் இழக்கப்படுவது யாது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

தொடரின் இயல்பு

‘பை த டைம்’ எனும் தொடரில் ‘டைம்’ என்னும் சொல் இருப்பினும், அது ஒரு நேரத்தைச் சுட்டுவதன்று. ஓர் எல்லையைச் சுட்டுவது. அவ்வெல்லை வரும் முன்னரே, அல்லது அது வரும் அளவில், மற்றொரு நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்பதே அதன் பொருள். இறந்தகாலச் செய்தியாயின், எல்லையைக் கூறும் பகுதியில் எளிய இறந்தகால வினையும், முதன்மைப் பகுதியில் பெரும்பாலும் அதற்கும் முற்பட்ட காலத்தைக் காட்டும் வினைவடிவமும் வரும். எதிர்காலச் செய்தியாயின், எல்லைப் பகுதியில் நிகழ்கால வடிவமே வரும்.

இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது ‘நேரத்தில்’ என்பது தோன்றுகிறது. ‘நாங்கள் நிலையத்தை அடைந்த நேரத்தில் இரயில் சென்றது’ என்னும் வாக்கியத்தை நோக்குக. இதில் இலக்கணப்பிழை ஏதுமில்லை. ஆயின் இது கூறுவது, அடைதலும் செல்லுதலும் ஒரே பொழுதில் நிகழ்ந்தன என்பதாம். இரயிலைத் தவறவிட்ட செய்தி இங்குத் தெளிவாக இல்லை. ‘நாங்கள் நிலையத்தை அடைவதற்குள் இரயில் சென்றுவிட்டது’ என்பதே கருதிய பொருளைத் தருவது.

‘நேரத்தில்’ என்பது தமிழன்று என்பது நம் கருத்தன்று. ‘நான் சென்ற நேரத்தில் அவர் உணவருந்திக்கொண்டிருந்தார்’ என்பது நல்ல தமிழே. உடனிகழ்ச்சிக்கு உரிய வடிவத்தை முன்னிகழ்ச்சிக்கு ஆளுவதையே நாம் பொருந்தாது என்கிறோம்.

தமிழ் நின்று நோக்கும் இடம்

‘அடைவதற்குள்’ என்பதில் உள்ள வினைப்பெயர் எதிர்கால வடிவினது. நிகழ்ச்சி நேற்று நடந்திருப்பினும் ‘அடைந்ததற்குள்’ என்று நாம் கூறுவதில்லை. இதற்குக் காரணம் உண்டு. இரயில் புறப்பட்ட பொழுதில் நின்று நோக்கினால், நாம் நிலையத்தை அடைதல் இன்னும் நிகழாத ஒன்று. ஆகவே அது எதிர்கால வடிவம் பெறுகிறது. ‘வருமுன்’ என்கிறோம், ‘வந்தமுன்’ என்பதில்லை. ‘வந்தபின்’ என்கிறோம், ‘வரும்பின்’ என்பதில்லை. இவற்றிற்கும் அடிப்படை இதுவே. எல்லைப் பகுதியின் காலத்தை ஆங்கிலம் பேசுவோன் நிற்கும் காலத்திலிருந்து கணிக்கிறது. தமிழ், முதன்மை நிகழ்ச்சி நடந்த காலத்திலிருந்து கணிக்கிறது.

இவ்வமைப்பிற்கு மரபிலும் இடமுண்டு. தொல்காப்பிய வினையியல் காலத்தைக் கருதி வரும் எச்சச் சொற்களுள் பின், முன் என்பவற்றைக் குறிப்பிடுகிறது. வேற்றுமையியல் ஏழாம் வேற்றுமையை இடத்திற்கேயன்றிக் காலத்திற்கும் உரியதாக்கி, அதன் பொருளில் வரும் சொற்களுள் ‘உள்’ என்பதையும் சேர்த்துள்ளது. ‘செய்வதற்குள்’ எனும் இன்றைய வடிவம் பிற்காலத்ததாயினும், காலத்தையும் இடம்போல் கருதி அதன் அகத்தே ஒரு நிகழ்ச்சியை வைக்கும் பார்வை நம் மொழிக்குப் புதிதன்று.

ஒன்றுக்கு ஒன்று ஈடாகுமா?

இதனால், ‘பை த டைம்’ வருமிடமெல்லாம் ‘அதற்குள்’ என எழுதுக என்று விதி வகுத்துவிடலாமா எனின், அதுவும் பொருந்தாது. ‘நீங்கள் இக்கடிதத்தைப் படிப்பதற்குள் நான் சென்றுவிடுவேன்’ என்பதையும், ‘நீங்கள் இக்கடிதத்தைப் படிக்கும்போது நான் சென்றிருப்பேன்’ என்பதையும் ஒப்பிடுக. முன்னதில் ஒரு விரைவு உள்ளது. படிப்பவரை முந்திக்கொண்டு தப்பிச் செல்பவரின் குரல் கேட்கிறது. பின்னதில் விரைவு இல்லை. முடிந்துபோன ஒரு நிலை மட்டும் கூறப்படுகிறது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே தொடரால் கூறிவிடும். தமிழில் எழுதுவோர் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

எனவே ‘உள்’ என்பதும் ‘விடு’ எனும் துணைவினையும் இணையுமிடத்துப் போட்டியும், அதில் வென்றமையோ தோற்றமையோ குறிப்பாகப் புலப்படும். ‘போது’ என்பதும் ‘இரு’ எனும் துணைவினையும் இணையுமிடத்து அக்குறிப்பின்றி நிலைமை மட்டும் புலப்படும்.

இவ்வேறுபாடு நடை பற்றியது மட்டுமன்று. விபத்துச் செய்தி ஒன்றை ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பவர் மூவகையாக எழுதலாம். ‘மருத்துவ ஊர்தி வந்த நேரத்தில் அவர் இறந்தார்’ என்பது இறப்பின் நேரத்தையே மாற்றிவிடுகிறது. ‘மருத்துவ ஊர்தி வருவதற்குள் அவர் இறந்துவிட்டார்’ என்பது வரிசையைச் சரியாகக் கூறினும், ஊர்தி தாமதித்ததோ என்னும் ஐயத்தை எழுப்பக்கூடும். ‘மருத்துவ ஊர்தி வந்தபோது அவர் இறந்திருந்தார்’ என்பது யாரையும் குறை கூறாது செய்தியை மட்டும் தருகிறது. இறந்தவரின் குடும்பத்தாரும் ஊர்தியில் வந்தோரும் படிக்கக்கூடிய செய்தி அது. ஓர் உருபின் தேர்வு பழியின் தேர்வாகவும் ஆகிவிடுகிறது.

கெடு குறிக்கும் அறிவிப்புகளிலும் இத்தகைய மயக்கம் உண்டு. ‘வெள்ளிக்கிழமை வரை கட்டுரையை ஒப்படைக்க வேண்டும்’ என்பது, நாள்தோறும் ஒப்படைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பதுபோல் ஒலிக்கிறது. ‘வரை’ தொடர்ந்து நிகழ்வதற்கு உரியது. ஒருமுறை செய்து முடிப்பதற்கு உரியது ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்பதே. ‘வெள்ளிக்கிழமைக்கு முன்’ என்றாலோ வெள்ளிக்கிழமை விலக்கப்பட்டுவிடும்.

வகுப்பறையில்

இப்பிழையைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்துவதில் பயனில்லை. பிழை யாது என்பது மாணவருக்கு விளங்காது. ஏனெனில் அவர் எழுதியதும் தமிழ் வாக்கியமே. மாறாக, மூன்று வினாக்களை எழுப்பலாம். எந்நிகழ்ச்சி முன்னர் நடந்தது? ஒன்றையொன்று முந்தும் விரைவு அங்கு உண்டா? முன்னர் நடந்ததைச் செயலாகக் கூறுகிறோமா, அதன் பின் நீடித்த நிலையாகக் கூறுகிறோமா? இவற்றிற்கு விடை கண்ட மாணவர் உரிய வடிவத்தைத் தாமே தேர்வர்.

தமிழ் ஓரளவேனும் ஒலிக்கும் வீட்டில் இவ்வடிவம் மாணவருக்கு அயலானதும் அன்று. ‘அதற்குள் பசித்துவிட்டதா?’ என்று தாய் கேட்பதையும், ‘அப்பா வருவதற்குள் முடித்துவிடு’ என்று பாட்டி சொல்வதையும் அவர்கள் பேச்சு வடிவில் கேட்டிருப்பர். அப்பேச்சிலிருந்து தொடங்கி எழுத்து வழக்கிற்கு வருதல் எளிது. ஆங்கிலத் தொடரிலிருந்து தொடங்கினால் ‘நேரத்தில்’ என்பதில்தான் சென்று நிற்போம்.

முடிவுரை

‘பை த டைம்’ எனும் ஒரு தொடருக்குத் தமிழில் ஒரு தொடர் ஈடாகாது. வினையும் துணைவினையும் உருபும் கூடிச் செய்யும் வேலை அது. ‘நேரத்தில்’ என்பது எங்கும் பரவுமாயின், முன்னிகழ்ச்சிக்கும் உடனிகழ்ச்சிக்கும் தமிழ் வகுத்துள்ள வேறுபாடு இளையோர் எழுத்தில் மங்கிவிடும். சொல் வழக்கொழிந்தால் அகராதியிலேனும் அதனைக் காணலாம். காலத்தை நோக்கும் முறை வழக்கொழிந்தால், அதனை மீண்டும் எடுத்துக் காட்டப் பேசுவோரைத் தவிர வேறு சான்றில்லை. தமிழாசிரியர் கட்டுரை திருத்தும்போது இவ்வகை வாக்கியங்களில் சற்றே நின்று செல்லல் வேண்டும் என்பது இதனாலேயாம்.