மாற்று வரலாற்றுத் தொலைக்காட்சித் தொடரும் இனமேம்பாட்டு அறமும்: மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து ஒரு நோக்கு

வரலாற்றில் நிகழ்ந்த ஒன்று வேறுவிதமாக நிகழ்ந்திருப்பின் என்னாகும் என்னும் வினாவிலிருந்து பிறக்கும் அறிவியல் புனைவை மாற்று வரலாற்றுப் புனைவு என்பர். பிலிப் கே. டிக் 1962இல் வெளியிட்ட நாவலைத் தழுவி 2015 முதல் 2019 வரை நான்கு பருவங்களாக வந்த ‘தி மேன் இன் தி ஹை காஸில்’ என்னும் தொடர் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் வென்று அமெரிக்காவைப் பங்கிட்டுக்கொண்டன என்பது அதன் அடிப்படைக் கற்பனை. நல்ல மரபினர் எனப்படுவோரைப் பெருக்கியும் தாழ்ந்த மரபினர் எனப்படுவோரைக் குறைத்தும் மனித இனத்தை உயர்த்தலாம் என்னும் கொள்கையே இனமேம்பாட்டியல். 1883இல் அதற்கு ‘யூஜெனிக்ஸ்’ எனப் பெயரிட்டவர் பிரான்சிஸ் கால்டன். இக்கொள்கையை அத்தொடர் அறச்சிக்கலாக்கும் முறையையும், மும்பைத் தமிழர் ஒருவர் அதனை எங்கிருந்து நோக்கக்கூடும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நோக்குமிடம் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். நாஜி ஆட்சியைப் பேசும் நூல்களிலும் படங்களிலும் ‘லேபர் கேம்ப்’ என்பது கட்டாய உழைப்புச் சிறைக்கூடத்தைக் குறிக்கும். மும்பைத் தமிழர்க்கோ அது ஊர்ப்பெயர்; தாராவியை ஒட்டி மாட்டுங்காவின் பெயரைத் தாங்கி நிற்கும் குடியிருப்பு; நெல்லைச் சீமையிலிருந்து சென்ற குடும்பங்கள் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த இடம். ஒரே தொடர், ஓரிடத்தில் அச்சத்தையும் ஓரிடத்தில் வீட்டு முகவரியையும் குறிக்கிறது. இப்பொருள் வேறுபாடு, இத்தகைய தொடர்களை அங்கிருந்து காண்பதில் உள்ள வேறுபாட்டையும் ஓரளவு உணர்த்தும்.

தொடரின் முதற்பகுதியில் ஒரு சிறு காட்சி உண்டு. சாலையோரத்தில் நிற்கும் இளைஞன்மீது வானிலிருந்து சாம்பல் உதிர்கிறது. அது என்ன என்கிறான். அருகிலுள்ள மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமைதோறும் ஊனமுற்றோரையும் தீரா நோயாளிகளையும் எரிப்பர் என்று காவலர் கூறுகிறார். அவர் குரலில் வெறுப்பும் இல்லை, தயக்கமும் இல்லை. சந்தை நாளைச் சொல்வதுபோல் கொலை நாளைச் சொல்லுகிறார். கொடுமை வழக்கமாகிவிட்ட நிலையைக் காட்டுவதில் பின்வந்த பல மணிநேரக் காட்சிகள் இவ்வொரு காட்சிக்கு ஈடாகா என்பது எமது கருத்து.

பின்னர்த் தொடர் எடுத்துக்கொள்வது உயரதிகாரி ஜான் ஸ்மித்தின் குடும்பத்தை. அவர் மகன் தாமசுக்குத் தசை நலிவு நோய் இருப்பது தெரியவருகிறது. நோயுற்ற மகனை முடித்துவிட வேண்டும் என்பது ஸ்மித் காத்துவரும் சட்டம். அவர் சட்டத்தை மீறி, உண்மையறிந்த மருத்துவரைக் கொன்று, மகனை மறைக்கிறார். மகனோ, பள்ளி புகட்டிய பாடத்தை நம்பி, தானே அதிகாரிகளிடம் சென்று தன்னை ஒப்படைக்கிறான். தன்னைப் பயனற்றவன் என்று கூறும் கொள்கையை அதற்கு இரையாகுபவனே ஏற்பதைக் காட்டிய வகையில் இப்பகுதி ஆழமுடையது. எனினும் இதில் ஒரு குறையுண்டு. சட்டம் இயற்றுவோர் வீட்டினுள் புகுந்த பின்னரே அச்சட்டத்திற்கு முகம் கிடைக்கிறது. செவ்வாய்க்கிழமைச் சாம்பலானவர் எவருக்கும் பெயரில்லை.

இதனினும் பெரிய குறை, வரலாறு பிரியும் புள்ளியில் உள்ளது. டிக்கின் நாவலில் அப்புள்ளி ரூஸ்வெல்ட் கொலையுண்டதாகும். உண்மையில் 1933இல் மயாமியில் நடந்த அம்முயற்சி தோற்றது. ஆனால் இனமேம்பாட்டுச் சட்டங்கள் அமெரிக்காவிற்கு வர ஜெர்மானிய வெற்றி தேவைப்படவில்லை. கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை இண்டியானா மாநிலம் 1907இலேயே இயற்றியது. வர்ஜீனியாவின் சட்டம் செல்லும் என 1927இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. கேரி பக் என்னும் இளம்பெண்ணுக்கு அவ்வாண்டே அறுவை செய்யப்பட்டது. ஜெர்மனியின் சட்டம் 1933இல்தான் பிறந்தது. ஆக, பிரிவுப்புள்ளிக்கு முன்பே தன் மண்ணில் வேரூன்றியிருந்த ஒன்றைப் பகைவன் கொணர்ந்த பொருளாகவே தொடர் பெரிதும் காட்டுகிறது. பார்வையாளர் அஞ்சுகிறார், அவ்வச்சத்திலேயே ஆறுதலும் பெறுகிறார்.

இந்தியச் சூழலில் இவ்வாறுதலுக்கு இடமில்லை. சாதி அமைப்பே இரத்தத் தூய்மையைக் காக்கும் இனமேம்பாட்டு முறை என்று வாதிட்டோர் இருந்தனர். அவர்களுக்கு அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ (1936) உரையில் விடையிறுத்தார். மரபைக் காப்பதே நோக்கமாயின் உடனுண்ணலை ஏன் தடுக்க வேண்டும், உணவால் இரத்தம் கலக்குமோ என்பது அவர் வினாக்களுள் ஒன்று. சாதி சிறந்த இனத்தை உண்டாக்கிற்று என்பதற்கு மாறாக, நலிந்த மக்களையே உண்டாக்கிற்று எனவும் காட்டினார். இனமேம்பாட்டியலை அதன் சொந்த அளவுகோலாலேயே அளந்து வீழ்த்திய வாதம் இது.

2019இல் வந்த ‘லெய்லா’ இவ்விந்தியச் சூழலைக் கையாண்டது. பிரயாக் அக்பர் எழுதிய நாவலின் தழுவல். தமிழ் நடிகர் சித்தார்த்தும், ‘காலா’வில் தாராவிப் பெண்ணாக வந்த ஹுமா குரேஷியும் நடித்தது. மாற்று வரலாறு அன்று, எதிர்காலப் புனைவு. ஆர்யவர்த்தம் என்னும் நாட்டில் சமூகங்கள் மதில்களுக்குள் பிரிந்து வாழ, கலப்பு மணத்தில் பிறந்த குழந்தை தாயிடமிருந்து பறிக்கப்படுகிறது. தூய்மை என்னும் சொல்லே அங்கு ஆட்சி செய்கிறது. மாநகரின் குப்பையை அள்ளுவோர் பலர் வாழும் தெருவிலிருந்து பார்ப்போர்க்கு இச்சொல்லின் இரட்டை வழக்கு புதிதன்று. தமிழ்நாட்டரசு 2020இல் துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் எனப் பெயர் மாற்றியது, பணி மாறவில்லை. தொடரோ மதிலுக்குள் பிறந்த தாயின் கண்வழியே நகர்கிறது. சேரி அவள் கடந்து செல்லும் இடமாகவே நின்றுவிடுகிறது. ஸ்மித் குடும்பக் கதையின் குறை இங்கும் தொடர்கிறது.

மும்பைக்குரிய மாற்று வரலாற்றின் பிரிவுப்புள்ளி வேறெங்கும் தேடவேண்டியதன்று. நெருக்கடி நிலையின்போது 1976இல் மகாராஷ்டிரச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் குடும்ப அளவுக் கட்டுப்பாட்டு மசோதா ஒன்றை நிறைவேற்றின. மூன்று குழந்தைகள் பெற்றோர்க்குக் கருத்தடை அறுவையைக் கட்டாயமாக்க அது வகைசெய்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமையால் சட்டமாகவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் தமிழர் பலர் வாழ்ந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டு, மக்கள் டிராம்பேயின் சீட்டா கேம்ப்பிற்கு அனுப்பப்பட்டனர். 1976-77இல் நாடெங்கும் ஏறத்தாழ 82 இலட்சம் கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. அறுவை தொடர்பான சாவுகள் 1,774 என ஷா ஆணையம் பதிவு செய்தது.

இது மக்கட்தொகைக் கட்டுப்பாடேயன்றி இனமேம்பாடு அன்று என மறுக்கலாம். மசோதா மரபைப் பற்றிப் பேசவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் இலக்கு நிர்ணயிக்கப்பட்டு, ஊதியமும் ரேஷனும் மனைப்பட்டாவும் அறுவைச் சான்றோடு பிணைக்கப்படும்போது, எவர் உடல் முதலில் மேசைக்கு வரும் என்பதை வறுமை தீர்மானித்துவிடுகிறது. தேர்வு சட்ட வாசகத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை.

அவ்வொப்புதல் கிடைத்திருந்தால் என்னும் கதையைத் தமிழில் எழுதப் புகுபவர் சாம்பல் உதிரும் வானத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை. பங்கீட்டு அட்டையும் மருத்துவமனைச் சீட்டும் போதும். ஆனால் அவர்முன் ஸ்மித்தின் கதைக்கு இல்லாத ஓர் இடர்ப்பாடு நிற்கும். கருத்தடையைப் பெரியார் 1930களிலேயே வலியுறுத்தினார். பிறர் நாட்டுப் பொருளாதாரத்தையும் உடல்நலத்தையும் காரணம் காட்ட, தாம் பெண் விடுதலைக்காகவே கேட்பதாகப் பிரித்துரைத்தார். அதே அறுவையைத் தம் விருப்பால் நாடிச்சென்ற தாய்மாரும் இத்தகைய தெருக்களில் இருந்தனர். அவர்களுள் ஒருத்தியும், முகாமுக்கு இழுத்துச் செல்லப்பட்ட அவள் அண்டை வீட்டுக்காரனும் ஒரே மருத்துவர் முன் வரிசையில் நிற்கும் காட்சியை அக்கதை எழுதியாக வேண்டும்.