டிக்சன் சாலையில் ஒரு விடுதி: இடமும் வடிவமைப்பும்

ஐரோப்பிய நகரங்களுக்குச் செல்லும் நம் ஆய்வாளர்கள், அங்குப் பழைய கட்டடங்கள் அழகிய விடுதிகளாக மாறியிருப்பதைக் கண்டு வியந்து எழுதுவதுண்டு. இலண்டன் பெத்னல் கிரீனில் 1910ஆம் ஆண்டு எழுந்த நகர்மன்றம் 2010இல் விடுதியானது. அதனை நிறுவிய சிங்கப்பூரர் லோ லிக் பெங், அதே ஆண்டில் லிட்டில் இந்தியாவின் டிக்சன் சாலையில், 1920களின் பழைய கட்டடமொன்றில் 'வாண்டர்லஸ்ட்' விடுதியைத் திறந்தமை நோக்கத்தக்கது.

வரவேற்புக் கூடமும் மேல்தளங்களும் வெவ்வேறு உள்ளூர் வடிவமைப்புக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. மூன்றாம் தளம் கறுப்பு வெள்ளை. நான்காம் தளத்தில் விண்கலமும் மரமும் அறைகளாயின. தரைத்தளத்தில் பிரெஞ்சு உணவகம். இதில் தமிழ் அடையாளம் எங்கே என வினவுவது எளிது. அவ்வினா எனக்கு உடன்பாடன்று. சுவரில் கோலமும் மெத்தையில் பட்டுச்சேலையும் வந்திருந்தால் அது இதனினும் பொய்யாகியிருக்கும். குறை வேறிடத்தில் உள்ளது. அம்மேல்தள அறைகள் எந்நகரத்திலும் இருந்திருக்கலாம். சன்னலுக்கு வெளியே இருந்த தெருவை அவை பொருட்படுத்தவில்லை.

1947 முதல் சிராங்கூன் சாலையில் இயங்கிவரும் கோமள விலாஸை வடிவமைப்பு என்னும் சொல்லோடு இணைத்து நாம் பேசுவதில்லை. (தமிழில் 'ஓட்டல்' என்றாலே முதலில் உண்ணும் இடந்தான், தங்குமிடம் பின்னர்.) கீழே பலகாரம், மேலே வாழையிலைச் சாப்பாடு என்னும் பகுப்பொன்றே போதும், அவசரமாக வந்தவரும் குடும்பத்தோடு வந்தவரும் அறிவிப்புப் பலகையின்றித் தத்தம் இடத்தை அடைகின்றனர். ஐரோப்பிய அறைகளை விவரிக்கும் நுணுக்கத்தில் ஒரு பங்கையேனும் அம்மாடிப்படிக்கு நம் கட்டுரைகள் அளித்ததில்லை. பாரிஸ் உணவகங்களைப் பற்றி விரிவாக எழுதிய யானும் இதற்கு விலக்கல்லேன்.