இரண்டு கேமராவுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி?

இரவு வானத்தைப் படமெடுக்கத் துடிக்கிறவர்கள்கூட ஸ்டீரியோ, அதாவது கண்ணுக்கு ஒரு படமாக ஆழம் காட்டும் ஜோடி, என்றால் நழுவிவிடுகிறார்கள். சிவப்பு-நீலக் கண்ணாடி விளையாட்டு என்று விமர்சகர்கள் ஒதுக்குகிறார்கள். நல்ல ஸ்டீரியோ ஜோடி ஒன்றைக்கூடப் பார்க்காதவர்களின் பேச்சு அது!

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரி கேமரா இரண்டு, மட்டமாக, ஒரே திசை பார்த்து. நடுவே இடைவெளி, படத்தில் மிக அருகில் உள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு. கண்களுக்கு நடுவே 6.5 செ.மீ. என்பதற்காக எல்லாவற்றுக்கும் அதையே வைப்பது சோம்பேறித்தனம். கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளுங்கள்: சாம்பியன் ரீஃபில் 30 மீட்டர் தள்ளி நிற்கும் சுரங்க சாஃப்ட் கோபுரத்துக்கு 1 மீட்டர். டிசம்பரில் 100 கி.மீ. உயரத்தில் எரியும் ஜெமினிட் எரிகல்லுக்கு 3 கி.மீ.; ஊர்காமில் நீங்கள், மாரிக்குப்பம் பக்கம் நண்பர். நிலாவுக்கு? ஏறத்தாழ 12,800 கி.மீ. பூமியின் விட்டமே அவ்வளவுதான்!

இனிதான் முக்கியமானது. இடத்தால் வரும் இடைவெளி வேறு, நேரத்தால் வரும் இடைவெளி வேறு. கோபுரமும் நட்சத்திரமும் சேர்ந்த படத்துக்கு இடம்தான் வேண்டும்; இரண்டு கேமராவும் ஒரே நொடியில் திறக்க வேண்டும். ஒரே கேமராவை நகர்த்தி ஒரு நிமிடம் கழித்து எடுத்தால், அதற்குள் வானம் கால் டிகிரி திரும்பியிருக்கும். அது நிலாவின் அகலத்தில் பாதி. நட்சத்திரங்களின் ஆழம் தவறிவிடும். கிழக்கு, மேற்கு நோக்கி எடுத்தால் மேல்கீழாக விலகித் தலைவலிதான்.

நிலாவுக்கு நேரம் போதும், இரண்டாவது கேமரா வேண்டாம். 2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம். முழு மறைவின் தொடக்கத்தில் ஒரு படம், சுமார் 70 நிமிடம் கழித்து முடிவில் ஒன்று. அதற்குள் நிலா நட்சத்திரங்களிடையே கிழக்கே நகர்ந்திருக்கும். வடக்கு மேலே வரும்படி, நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். முதல் படம் இடக்கண்ணுக்கு, அடுத்தது வலக்கண்ணுக்கு. செம்பு நிறப் பந்து முன்னால் மிதக்கும். மாற்றி வைத்தால் நிலா நட்சத்திரங்களுக்குப் பின்னால் போய்விடும்.

நட்சத்திரங்களுக்கே ஆழம் வேண்டுமா? 2020 ஏப்ரலில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் சுமார் 700 கோடி கி.மீ. தள்ளி நின்று புராக்சிமா சென்டாரி நட்சத்திரத்தைப் படமெடுத்தது. பூமியில் எடுத்த படத்தோடு அதை ஜோடி சேர்த்தார்கள். அது ஆழம். மென்பொருளில் புள்ளிகளைக் கையால் நகர்த்தி நெபுலாவைப் புடைக்க வைக்கும் இன்றைய மோஸ்தர் வெறும் அலங்காரம்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: விலை உயர்ந்த லென்ஸுக்குக் காசு சேர்க்காதீர்கள். பழைய கேமரா இரண்டு, ஒரு மீட்டர் சட்டம், இரண்டையும் ஒன்றாகத் திறக்கும் ஒரு ரிமோட். இந்த வாரமே தொடங்கலாம்.