கரகம் நிற்கும் இடம்

பெங்களூரு கரகம் பார்க்கப் போகிறவர்கள் நகரத்பேட்டை தர்மராயசாமி கோயில் வாசலில்தான் முண்டியடிப்பார்கள். அங்கே தலைகள்தான் தெரியும். ஆட்டத்தின் நுட்பம் தெரிய வேண்டுமா, ஊர்வலம் வந்து நிற்கும் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்கா பக்கம் போய்க் காத்திருங்கள்.

சைத்ர பௌர்ணமி இரவு. பெண் கோலத்தில் வளையல் குலுங்க வரும் பூசாரியின் தலையில் மல்லிகை மூடிய கூம்பாகக் கரகம். ஒரு கையில் கத்தி, மறு கையில் கோல். அதைக் கையால் தொடக்கூடாது. சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். நம்மூர்க் கரகாட்டம் ஓரிடத்தில் சுழன்று ஆடுவது. இவரோ விடிய விடிய பேட்டைச் சந்துகளின் மேடு பள்ளத்தில் ஓட்டமும் நடையுமாகப் போகிறார். எல்லோரும் கழுத்தைப் பார்க்கிறார்கள். நான் முழங்காலைப் பார்ப்பேன். தெருவின் குலுக்கலை முழுக்க அதுதான் வாங்கிக்கொள்கிறது, இடுப்புக்கு மேலே ஏறவிடுவதில்லை.

ஓடும்வரை வேகம் துணை இருக்கும். சோதனை, நிற்கும்போதுதான். கால் நின்றாலும் தலைச்சுமை முன்னால் போகப் பார்க்கும். மஸ்தானின் வாசலில் அதைத்தான் அடக்கிக் காட்டுகிறார்.

மஸ்தான் போன்ற சூஃபிகளுக்கும் இந்த வித்தை புதிதல்ல. துருக்கியின் கோன்யாவில் மெவ்லவி தர்வேஷ் இடது காலை அச்சாக ஊன்றி, வலது காலால் உந்திச் சுழல்வார். சுற்று முடிந்ததும் தள்ளாடாமல் நிற்பார். கவ்வாலியிலும் அப்படித்தான். கைதட்டலோடு ஒரே அடி திரும்பத் திரும்ப ஏறி, சட்டென்று அடங்கும் அந்த நொடியில்தான் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இவற்றுக்கெல்லாம் அவர்கள் சொல்லும் பெயர் ‘சமா’. பொருள், கேட்டல்.

மஸ்தான் 18ஆம் நூற்றாண்டு, ஹைதர் அலி காலத்தவர். கரகம் தன்னிடம் வர வேண்டுமென்று அவரே கேட்டுக்கொண்டார் என்பது பேட்டைக்காரர்களின் நம்பிக்கை. கரகம் எடுக்கும், தமிழ் வேர் கொண்ட திகளர்கள் அந்த வேண்டுகோளை இன்றும் மதிக்கிறார்கள். கொரோனாவால் இரண்டு வருடம் முடங்கிய ஊர்வலம் 2022இல் திரும்பியபோது, தர்காவுக்குப் போகக்கூடாது என்று சிலர் குரல் எழுப்பினார்கள். தர்காக்காரர்கள் கோயிலுக்கே வந்து அழைத்தார்கள். கரகம் போனது. அந்தச் செய்தியைப் படித்தபோது மனம் நிறைந்துவிட்டது.

அடுத்த முறை, தர்காவிலிருந்து கிளம்பும் முதல் எட்டைத் தவறவிடாதீர்கள். முதலில் முழங்கால் மடங்கும். பிறகுதான் பாதம் எழும். மேலே ஒரு மல்லிகைகூட அசையாது.