தொக்கி நிற்பவை: வன்னியின் இமோஜிக் கோவைகள்

முகமாலைப் பக்கம் நடப்பட்டிருந்த சிவப்புப் பலகைகளை ஏ9 வீதியால் போய்வந்த எல்லோரும் கண்டிருப்பார்கள். சிவப்பில் வெள்ளையாக ஒரு மண்டையோடு, குறுக்காக இரண்டு எலும்பு, பக்கத்தில் 'மிதிவெடி' என்ற சொல். 2009க்குப் பிறகு முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய பிள்ளைகள் பலருக்கு அ, ஆ வாசிக்க முன்னரே வாசிக்கத் தெரிந்த படம் அது. அவர்களின் தம்பி தங்கைகள் இப்போது போனில் அதே மண்டையோட்டை நாளுக்கு நாலு தரம் அனுப்புகிறார்கள். சிரித்துச் சிரித்துச் செத்துப்போனேன் என்று அதற்குப் பொருள்.

கிளிநொச்சியில் படிக்கும் என் பெறாமகள் ஒருநாள் குடும்பக் குழுவில் மூன்று மண்டையோட்டையும் ஓவென்று அழுகிற முகம் ஒன்றையும் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். ரொறன்ரோவிலிருந்து மூத்தக்கா போன் எடுத்தா. எடுத்த எடுப்பிலேயே கேட்டது: "ஆரடி பிள்ளை மோசம் போனது?"

"ஒருத்தரும் இல்லைப் பெரியம்மா. அண்ணா ஒரு பகிடி விட்டவர், அதுக்குச் சிரிச்சனான்."

"சிரிக்கிறதுக்கு ஏனடி மண்டையோடு?"

இந்தக் கேள்விக்கு இணையத்தில் கிடைக்கும் 'எந்த இமோஜிக்கு என்ன அர்த்தம்' பட்டியல்கள் உதவவில்லை. அவை மண்டையோட்டுக்குச் சிரிப்பு என்று சரியாகவே சொல்கின்றன. அக்காவின் நெஞ்சு ஏன் திடுக்கிட்டது என்பதை அவை சொல்லா. அன்றிலிருந்து எனக்கு வந்த கோவைகளையும் அனுப்பியவர்கள் சொன்ன விளக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். இது அந்தக் கொப்பியிலிருந்து எழுதியது. படங்களை அச்சில் போடாமல் சொல்லாலேயே எழுதுகிறேன். அதிலேயே பாதி ஆய்வு நடந்துவிடுகிறது. 'மடித்த கைகள்' என்று ஒருங்குறி பெயரிட்ட படத்தை எங்கள் ஆட்களிடம் காட்டினால் 'கும்பிடு' என்பார்கள். கைக்கு ஒரு பெயர், செயலுக்கு வேறு பெயர்.

வரலாறு சுருக்கமானது. 1982இல் அமெரிக்கப் பேராசிரியர் ஸ்கொட் ஃபால்மன் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சரிந்த சிரிப்பு முகம் ஒன்றை முன்வைத்தார். ஆக, முதலில் வந்ததே ஒரு கோவைதான். 1999இல் ஜப்பானின் என்.ரி.ரி. டொக்கொமோ நிறுவனத்துக்காக ஷிகெட்டக்கா குரிட்டா 176 சின்னப் படங்களை வரைந்தார். ஒவ்வொன்றும் 12க்கு 12 புள்ளி. 2010இல் ஒருங்குறி அவற்றைப் பொதுவாக்கியது. 2015இல் ஒக்ஸ்ஃபோர்ட் அகராதிக்காரர் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்ததே, கண்ணீர் வரச் சிரிக்கிற முகம்தான். தொல்காப்பியர் நகை, அழுகை என்று தனித்தனியே வைத்த இரண்டு மெய்ப்பாடுகள் அந்த ஒரு வட்டத்துக்குள் குடியிருக்கின்றன.

குரிட்டா படம் வரைந்த 1999இல் வன்னியின் பெரும்பகுதியில் மின்சாரமே இல்லை. கடிதம் செஞ்சிலுவைக்காரர் கையால் வந்த காலம். கைத்தொலைபேசி இங்கே பரவலாக வந்தது போர் முடிந்த பிறகு. வந்ததும் சனம் செய்த முதல் வேலை, காசில்லாமல் பேசுவது. ஒரு ரிங் விட்டு வைத்தால் வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டு ரிங் என்றால் நீ எடு, என்னிடம் ரீலோட் இல்லை. எங்கள் இமோஜி இலக்கணத்தின் பாட்டன் அந்த மிஸ்கோல் என்பது என் எண்ணம்.

கோவைகளைப் பற்றி மேற்கில் எழுதியவர்களில் லொரன் கோன், கிரெட்சன் மக்கலொக் என்ற இரு மொழியியலாளர்கள் எனக்குப் பிடித்தமானவர்கள். இமோஜியைச் சொல்லாகப் பார்க்காமல் கையசைவாகப் பாருங்கள் என்பது அவர்களின் வாதம். ஆட்கள் அதிகம் அனுப்பும் கோவை ஒரே படத்தின் அடுக்கு என்பதையும் தரவோடு காட்டினார்கள். இதை வாசித்தபோது தொல்காப்பியத்தின் எச்சவியல் நினைவுக்கு வந்தது. விரைவு காட்ட மூன்று, இசை நிறைக்க நான்கு, அதற்கு மேல் ஒரு சொல்லை அடுக்காதே என்று தொல்காப்பியர் வரம்பு வைத்திருக்கிறார். பாம்பைக் கண்டவன் மூன்று தரத்துக்கு மேல் 'பாம்பு' என்று சொல்ல நின்றால் கடிபட்டுவிடுவான். என் கொப்பியிலும் அவசரச் செய்திகளில் மூன்றைத் தாண்டியவை குறைவு. பிறந்தநாள் கேக்குக்கு மட்டும் வரம்பில்லை.

வேறு வேறு படம் சேரும்போது கையசைவுக் கொள்கை போதாது. அங்கே தொகைநிலை வருகிறது. 'யானை வெடி' என்ற சொல்லைப் பாருங்கள். வயலுக்குள் இறங்கும் யானையைக் கலைக்கப் போடுகிற வெடி அது. 'கலைக்க', 'போடுகிற' எல்லாம் தொக்கி நிற்கின்றன. ஊர்க்காரன் தானே நிரப்பிக்கொள்கிறான். யானைப் படமும் வெடிப்புப் படமும் சேர்ந்து இரவு பதினொரு மணிக்கு வந்தால் வன்னி விவசாயிக்கு அது முழு வாக்கியம். கொழும்பில் இருப்பவருக்கு அது யானைச் சின்னத்துப் பச்சைக் கட்சிக்குள் சண்டை. 'மிதிவெடி' இன்னும் கொடியது. பள்ளிக்கூட இலக்கணப்படி வினைத்தொகை: மிதித்த வெடி, மிதிக்கிற வெடி, மிதிக்கும் வெடி. வகுப்பில் முக்காலத்துக்கும் உதாரணம் கேட்டால், வன்னியில் மூன்றுக்கும் ஆள் காட்டலாம்.

என் கொப்பியில் அதிகப் பக்கம் பிடித்தது கடல் அலை. ஹொக்குசாயின் ஓவியத்தை ஞாபகப்படுத்தும் அந்த நீல அலை மூன்று கோவைகளில் மூன்று பொருளாகிறது. அலையோடு மெழுகுவர்த்தி வந்தால் 2004 டிசம்பர் 26 சுனாமி. முல்லைத்தீவில் அதற்கு விளக்கம் தேவையில்லை. அலையோடு அகல்விளக்கு வந்தால் வைகாசி, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். சிலாவத்தைக் கடலில் எடுத்த தீர்த்தத்தில் விளக்கெரிவது அந்தக் கோவிலின் அற்புதம். தண்ணீரும் சுடரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து ஊர்க்காரர் யாரும் புருவம் தூக்குவதில்லை. அலையோடு நெற்கதிர் வந்தால் குளம் வான் பாயப்போகிறது, வயல் கவனம். 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பிக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்ற பிறகு அந்தக் கோவையை ஒருவரும் பகிடியாக எடுப்பதில்லை. மெழுகுவர்த்திக்கும் அகல்விளக்கிற்கும் இடையே இருக்கிற வேறுபாடு இங்கே ழகரத்துக்கும் லகரத்துக்கும் உள்ளதைப் போன்றது: மாற்றிப் போட்டால் பொருள் கெட்டுவிடும். 2019க்கு முன்னர் அகல்விளக்குப் படமே இல்லை. கோவில், ஓட்டோ, சேலை எல்லாம் அதோடு சேர்ந்து அந்த வருடம்தான் வந்தன.

தேர்தல் காலத்தில் அன்மொழித்தொகைகள் பெருகும். வாக்குச்சீட்டில் சின்னம் பார்த்துப் புள்ளடி போட்டுப் பழகிய நாடு இது. இமோஜி எங்களுக்குப் புதிதாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. வீடு தமிழரசுக் கட்சி, சைக்கிள் காங்கிரஸ். 2024 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளருக்குச் சங்கு. வீட்டையும் சைக்கிளையும் சங்கையும் வரிசையாகப் போட்டுப் பின்னால் நெற்றியில் அடிக்கிற ஆளை வைத்தால், தமிழ்க் கட்சிகள் ஒன்றுபடாத கதை முடிந்தது. அந்த நவம்பரில், பாராளுமன்றத் தேர்தலில், வன்னித் தேர்தல் மாவட்டத்தில் ஜனாதிபதியின் கட்சிச் சின்னமான திசைகாட்டி முதலாவதாக வந்த இரவு, திசைகாட்டிக்குப் பக்கத்தில் வாய் பிளந்த முகம் எல்லாக் குழுவிலும் ஓடியது. ஆனால் தேர்தல் இல்லாத மாதத்தில் வீட்டையும் பாழடைந்த வீட்டையும் சேர்த்து அனுப்பினால் கட்சி ஞாபகம் வராது. வீட்டுத்திட்டத்தில் காசு முடிந்து சுவரோடு நிற்கிறது என்பார்கள்.

வியாபாரத்தில் பெருவிரல் ஒரு தலையிடி. 2023இல் கனடாவின் சஸ்கச்சுவான் நீதிமன்றம், ஆளிவிதை ஒப்பந்தப் படத்துக்கு விவசாயி அனுப்பிய தூக்கிய பெருவிரலைக் கையொப்பமாக ஏற்று, அவர் 82,000 டொலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எங்கள் பக்கத்து நெல் வியாபாரிக்கு இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் அகராதியில் பெருவிரல் என்றால் 'கண்டனான்'. பெருவிரலோடு கும்பிடும் வந்தால்தான் விலை சரி. லொறி வருவது அதற்குப் பிறகு.

போரில் மாண்டவரை நினைக்கும் நவம்பர் வந்தால் கோவைகள் மெல்லிய குரலில் பேசத் தொடங்கும். நாட்டுக் கொடிகள் இமோஜியில் இரண்டு எழுத்தின் கூட்டு. நாட்டுக் குறியீட்டுப் பட்டியலில் இல்லாதவருக்கு அந்தக் கொடி கிடையாது. புதிய கொடி விண்ணப்பம் இனி ஏற்பதில்லை என்று 2022இல் ஒருங்குறி அறிவித்தும்விட்டது. கார்த்திகைப் பூவுக்கும் படமில்லை. இருப்பது ஒரு சிவப்பு இதயம், ஒரு மஞ்சள் இதயம், ஒரு மெழுகுவர்த்தி. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் கழுத்தில் கிடக்க, முகநூல் பதிவுக்காக ஆட்கள் கைதாகியிருக்க, முகநூல் நிறுவனமும் தன் பங்கிற்கு நினைவுப் பதிவுகளை அழித்திருக்க, இரண்டு இதயம் வசதியானது. கேட்டால் காதல் என்று சொல்லிவிடலாம். தொகையின் பயன் இதுதான்: தொக்கியதை வாசித்தவன் விரித்தான், எழுதியவன் எழுதவில்லை.

ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஒரே படமாக நிற்கும் குடும்ப இமோஜியை ஒட்டவைப்பது, ஒருங்குறியில் அகலமே இல்லாத, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி. சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைக் கூட்டுவதும் அதே குறிதான். 1950களின் கடைசியில் வாகன இலக்கத் தகட்டில் அந்த ஸ்ரீக்குத் தார் பூசப்போய் நாடு எரிந்தது. இணைப்பிக்கு அந்தக் கதை தெரியாது. எதைக் கொடுத்தாலும் ஒட்டும்.

மே 18க்குச் சில நாள் முந்தி, போரின் கடைசி நாட்களை நினைக்கும் முள்ளிவாய்க்கால் கஞ்சி தொடங்கும்: உப்பும் அரிசியும் தண்ணீரும், சிரட்டையில். 2024 மேயில் சம்பூரில் அந்தக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்களைக் கைது செய்தார்கள். சிரட்டைக்கு இமோஜி இல்லை. போன வருடம் பெறாமகள் குடும்பக் குழுவில் உடைத்த தேங்காயையும் சோற்றுக் கிண்ணத்தையும் மெழுகுவர்த்தியையும் வரிசையாகப் போட்டிருந்தாள். அவள் 2009க்குப் பிறகு பிறந்தவள். அன்றைக்கு ரொறன்ரோவிலிருந்து போன் வரவில்லை. சற்று நேரத்தில் ஒரு கும்பிடு வந்தது.