அளவுகோல் ஒன்றாகுக

தலவாக்கலையில் 2012இல் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் நிலையத்தின் நிறுவிய வலு 150 மெகாவாற்று. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தினது 900. ஆதலின் பின்னது ஆறு மடங்கு பெரிதென்பர். இவ்வொப்பீடு பொருந்தாது. மெகாவாற்று பொறியின் உச்ச வலுவேயன்றி, அது தந்த மின்சாரம் அன்று. மேல் கொத்மலை இடையறாது முழு வலுவில் இயங்கின் ஆண்டுக்கு 131 கோடி அலகு கிடைக்கும். திட்டமிட்டதோ ஏறத்தாழ 41 கோடியே. எஞ்சியதை ஆற்றுநீரே மறுக்கிறது. ஆகவே ஆண்டு அலகே பொது அளவையாதல் வேண்டும்.

அதுவும் தனித்துப் போதாது. நிலக்கரி அலகில் கப்பலேறி வரும் எரிபொருளின் விலை அடங்கும். நீர்மின் அலகுக்கு எரிபொருட் செலவில்லை என்பதனால் அதனை இழப்பற்றதென எழுதுதல் முறையோ? மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகர் கிடக்கிறது. மூழ்கிய நிலத்தையும் பெயர்ந்த குடிகளையும் அலகுக்கு வகுத்துக் காட்டாத ஒப்பீடு, மலையகத்தைப் பொறுத்தவரை பாதிக் கணக்கே.